கைவிடப்பட்ட நோயாளிகளுக்குக் கட்டில் கேட்டவர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

செடெனாக், ஜூலை 30 – இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு அந்த நோயாளி யாருடைய பொறுப்பு? செடெனாக், லாயாங்-லாயாங், கூலாய் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இந்தக் கேள்வியோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய குடும்பங்கள் உண்டு. நோயாளியை முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைப்பார்கள். உறவினர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இரவில் வலி கூடும்போது யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி சென்னையில் ஒரு தமிழ்ப் பெண் மருத்துவரின் குடும்பத்துக்குள்ளேயே வந்து நின்றது. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இன்று அவருடைய பிறந்தநாள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த நாள் மருத்துவமனை தினமாக அனுசரிக்கப்படுகிறது.

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், சட்டமன்றத்துக்குள் முதலில் நுழைந்த பெண் என்ற அளவில் அவரை நம்மில் பலருக்குத் தெரியும். பள்ளிப் பேச்சுப்போட்டிகளிலும் அந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வரும். சாகப்போகிறவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நோயாளிகளுக்காக அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலைந்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கமிருந்த இசை மரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தத் திருமணத்துக்காக ஐயரை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஆகவே சாதி என்றால் என்ன, ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்பதெல்லாம் முத்துலட்சுமிக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியிருக்கவில்லை. (பழைய படங்களை ரசிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: நடிகர் ஜெமினி கணேசன் இதே நாராயணசாமி ஐயரின் பேரன். முத்துலட்சுமி அவருக்கு அத்தை முறை.)

மெட்ரிகுலேஷன் தேறிய பிறகு கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. அவருடைய தாயார் வழியைச் சொல்லி ஆட்சேபித்தவர்களும் இருந்தார்கள். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதையெல்லாம் தள்ளிவிட்டு அவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்தார், உதவித்தொகையும் கொடுத்தார். வகுப்பில் அவர் மட்டும் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912இல் தேறினார். அவர்தான் இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவப் படிப்பை முடித்த ஆண்டில்தான் முத்துலட்சுமி பிறந்தார். முதலாவது என்ற பட்டம் இல்லாவிட்டாலும் அவருடைய பெருமைக்குக் குறைவில்லை. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்துவிட்டுப் பிறகு தனியாக மருத்துவம் செய்யத் தொடங்கினார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்துத்தான் சம்மதித்தார். அந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்கு நிபந்தனை போட்ட பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! சுந்தர ரெட்டியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

தங்கையின் நோய்

முத்துலட்சுமியின் தங்கை சுந்தராம்பாள். அவருக்கு மலக்குடலில் புற்றுநோய். 1923இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் புற்றுநோய் என்றால் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். கட்டி சிறியதாக இருந்தால் அறுவைச் சிகிச்சை. அதை விட்டால் ரேடியம். ரேடியம் தங்கத்தைவிடப் பல மடங்கு விலை கூடியது, இந்தியாவில் மிகச் சில இடங்களில் மட்டுமே இருந்தது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் பிடிபடும். அதுவரை மூலம் என்றும் சீதபேதி என்றும் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு வலி, இரத்தப்போக்கு, நாற்றம். நாற்றம் வரும்போது உறவினர்கள் விலகத் தொடங்குவார்கள். புற்றுநோய் தொற்றிக்கொள்ளும் என்ற பயம் வேறு.

வீட்டில் ஒரு மருத்துவர் இருந்தும், அவர் பரிசும் பதக்கமும் வாங்கியவராக இருந்தும், தங்கைக்கு அதிகமாக எதுவும் செய்ய முடியவில்லை. அந்தத் துக்கம் முத்துலட்சுமியை விடவே இல்லை. பின்னாளில் அவர் அமைத்த மருத்துவமனையின் தொடக்கம் எது என்று பேச்சு வரும்போதெல்லாம் இந்த மரணமே முதலில் சொல்லப்படுகிறது.

நோய் என்ற சொல்லுக்கே தமிழில் நோவது, வலிப்பது என்பதுதான் வேர். நம் தோட்டத்துப் பேச்சிலும் நோவு என்றால் வலியும் உண்டு, சீக்கும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மருத்துவமனைகளோடு வந்தது. நோயைக் குணப்படுத்த முடியாது என்று தெரிந்ததும் நோவையும் சேர்த்துக் கைவிடும் பழக்கமும் அப்படியே வந்தது.

அதே 1923இல் மலாயாவில் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது. தோட்ட முதலாளிமார் மருத்துவ வசதி செய்து கொடுக்க வேண்டும் என்ற விதி அதில் இருந்தது. மலேரியாக் காய்ச்சலில் படுத்த கூலியாளை எழுப்பி மறுபடியும் பால்மரக் காட்டுக்கு அனுப்புவதுதான் தோட்ட மருத்துவமனையின் வேலை. டிரஸ்ஸர் கொயினா கொடுப்பார், காயத்துக்குக் கட்டுப் போடுவார். எழுந்திருக்கவே முடியாதவர்களின் கணக்கு வேறு. இந்தியக் குடிநுழைவு நிதி என்றொரு நிதி இருந்தது. வேலைக்கு உதவாமல் போனவர்களையும் நோயாளிகளையும் அந்த நிதியின் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கிய பிறகு அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதை யார் எழுதி வைத்தார்கள்? உழைக்க முடியாத உடம்புக்குச் செலவு எதற்கு என்ற எண்ணம் கடலின் இரண்டு கரைகளிலும் ஒன்றாகத்தான் இருந்தது.

லண்டனும் சட்டமன்றமும்

1925இல் மேற்படிப்புக்காக முத்துலட்சுமி லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் நோய் பற்றிப் படிப்பதுதான் திட்டம். அங்கே ராயல் கேன்சர் ஹாஸ்பிடலுக்கும் சென்று பயிற்சி பெற்றார். புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை, அதற்கென்றே மருத்துவர்கள், தாதியர். சென்னையில் புற்றுநோயாளி பொது வார்டின் ஒரு மூலையில் கிடந்து சாவதைப் பார்த்திருந்தவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் அரசியல் அழைத்தது. சென்னை சட்டமன்றத்துக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1927இல் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தை அந்த ஆண்டிலேயே கொண்டுவந்தார். அவர் தொடங்கிய அந்தப் போராட்டம் முழுச் சட்டமாக 1947 வரை ஆனது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் வெளியே மேடைகளில் செய்த வேலையைச் சொல்லாமல் இந்தச் சட்டத்தின் வரலாறு முழுமையாகாது. 1930இல் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார்.

அந்த மாற்றங்களின் நடுவே பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த இளம்பெண்கள் சிலர் தங்க இடம் கேட்டு அவரிடம் வந்தார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. தன் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லமாக வளர்ந்தது. யாரும் ஏற்காதவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவருக்குக் கொள்கையாக இருந்ததோ என்னவோ, கடைசி வரை பழக்கமாக இருந்தது.

முப்பது ஆண்டு அலைச்சல்

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அந்த மேடையில் முத்துலட்சுமி புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை வைத்தார். கைதட்டு கிடைத்தது, கட்டடம் கிடைக்கவில்லை. பிறகு உலகப் போர் வந்தது, சுதந்திரம் வந்தது, அரசாங்கங்கள் மாறின. கோரிக்கை அப்படியே கிடந்தது.

சுதந்திரம் வந்த பிறகாவது நிலைமை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பதுதான் அன்றைய சுகாதார அமைச்சரிடமிருந்து வந்த பதிலின் சாரம். டாக்டர் சாந்தா பிற்காலத்தில் இதைப் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அமைச்சரைக் கொடியவர் என்று சொல்லிவிடவும் முடியாது. காசநோய், அம்மை, காலரா, பிரசவ மரணம் என்று அரசாங்கத்தின் முன் வரிசை நீளமாக இருந்தது, கஜானா சிறியது. பிழைக்கக்கூடியவருக்குத்தான் முதலில் பணம் என்பது கணக்குப்படி நியாயமாகவே தெரியும். அந்தக் கணக்கில் சாகிறவர் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்பார், அவருடைய முறை வரவே வராது. முத்துலட்சுமி எதிர்த்தது அதைத்தான்.

அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் மக்களிடம் போனார். இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அறுபது வயதைத் தாண்டியவர், சங்கப் பெண்களோடு சேர்ந்து நன்கொடை திரட்டினார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்று வந்து தாயோடு நின்றார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாறு புற்றுநோய் நிலையம் இயங்கத் தொடங்கியது.

கட்டில்கள் பன்னிரண்டு. மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துலட்சுமிக்கு வயது 67.

அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தவர்தான் டாக்டர் சாந்தா. நோபல் பரிசு பெற்ற சி. வி. ராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசு மகளிர் மருத்துவமனை வேலைக்குத் தேர்வாகியிருந்தும் அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். பலரும் அவருக்குப் பைத்தியம் என்றே நினைத்தார்கள். முதலில் சம்பளம் இல்லாமல், பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் ஒரு வீடும். 2021 ஜனவரியில் 93 வயதில் இறக்கும்வரை சாந்தா அந்த நிலையத்தோடுதான் வாழ்ந்தார். ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை என்ற முதல் நாள் ஏற்பாட்டை அவர் மாற்றவில்லை. மகசேசே விருது 2005இல் அவரைத் தேடி வந்தது.

அவர் காணாத பாதி

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். முத்துலட்சுமி கேட்டது குணப்படுத்தும் மருத்துவமனை. இன்று பெலியேட்டிவ் கேர் என்றும், நம் மருத்துவமனைகளில் ராவாத்தான் பாலியாத்திஃப் என்றும் சொல்லப்படும் வலித்தணிப்புப் பராமரிப்பு அப்போது ஒரு தனித் துறையாகவே இல்லை. குணமாகாதவருக்கும் மருத்துவம் உண்டு, வலியைக் குறைப்பதும் மூச்சுத்திணறலைத் தணிப்பதும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதும் அந்த மருத்துவத்தின் பகுதி என்ற எண்ணம் லண்டனில்தான் ஒழுங்கான வடிவம் பெற்றது. தாதியாக இருந்து, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்த சிசிலி சாண்டர்ஸ் 1967இல் அங்கே செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி வந்த பிறகு மருந்து கொடுப்பதை மாற்றி, வலி திரும்புவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி மார்பின் கொடுப்பது அவர் நிலைநாட்டிய முறை. சொன்னால் எளிது. அதற்கு முன் பெரும்பாலான இடங்களில் நோயாளி கெஞ்சினால்தான் ஊசி.

முத்துலட்சுமி அதற்கு அடுத்த ஆண்டு, 1968 ஜூலை 22ஆம் தேதி, 82ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார். பத்மபூஷண் விருதை 1956இலேயே பெற்றிருந்தார்.

அபின் விளையும் இந்தியாவில் அதிலிருந்து எடுக்கப்படும் மார்பின் புற்றுநோயாளிக்குக் கிடைப்பது பின்னர் இன்னும் கடினமானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் இருந்த தண்டனைகளுக்குப் பயந்து பல மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே தயங்கின. சட்டம் 2014இல்தான் தளர்த்தப்பட்டது. உலக அளவில் ஆண்டுதோறும் ஐந்தரைக் கோடிப் பேருக்கு மேல் இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது, அவர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே கிடைக்கிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

நம் நாட்டு நிலவரம்

மலேசியாவில் கோலாலம்பூரில் ஹாஸ்பிஸ் மலேசியா 1991இல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் முதல் பிரிவு 1995இல் கோத்தா கினபாலு குயின் எலிசபெத் மருத்துவமனையில் திறக்கப்பட்டது. 2019 முதல் 2030 வரைக்கான தேசியக் கொள்கையும் சுகாதார அமைச்சிடம் இருக்கிறது. ஜொகூரில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான பெரிய அரசு மையம் ஜொகூர் பாருவில் உள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை.

செடெனாக்கிலிருந்து அது 40 கிலோமீட்டருக்கு மேல். நிபுணர் கிளினிக்கில் கட்டணம் 5 ரிங்கிட். உட்காரவே முடியாத ஒருவரைக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவர ஆகும் செலவும், ஒருநாள் சம்பளத்தை விட்டு உடன் செல்லும் மகனோ மகளோ இழப்பதும் அதைப்போல் பல மடங்கு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த இந்த வட்டாரத்தில் இப்போது தரவு மையங்கள் எழும்புகின்றன. அவற்றின் கணினிகள் சூடாகாமல் இருக்க இரவு பகலாகக் குளிரூட்டுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் நள்ளிரவில் வலியால் துடிப்பவருக்கு ஒரு தாதி வந்து பார்ப்பது இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கிறது. பழைய நாளில் லயத்துக்கு நடந்து வந்த டிரஸ்ஸரும் இப்போது இல்லை.

நோய் தாமதமாகத் தெரிவதும் மாறவில்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, நம் நாட்டில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் 63.7 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் முற்றிய நிலையில் வரும் நாட்டில் வலித்தணிப்பு ஓர் ஓரச் சேவையாக இருக்க முடியாது.

குடும்பங்களின் பக்கத்திலும் தயக்கம் உண்டு. மார்பின் என்றதும் கதை முடிந்தது என்று பயப்படுகிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சி மலாயாவில் அபினை வரி வாங்கி விற்ற காலத்தின் நினைவு நம் பெரியவர்களிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். முறைப்படி, அளவோடு கொடுக்கப்படும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. பலருக்கு அது மறுபடியும் தூக்கத்தையும், இரண்டு வாய் சோற்றையும், பிள்ளைகளோடு பேசும் தெம்பையும் கொடுக்கிறது. வலித்தணிப்புப் பிரிவுக்கு அனுப்புவதற்குச் சாகும் தறுவாய் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அதையும் சேர்த்துத் தரலாம்.

வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லும்போது வலித்தணிப்புப் பிரிவுக்குச் சிபாரிசுக் கடிதம் தரும்படி வார்டு மருத்துவரைக் கேட்கலாம். வலி மருந்தை வீட்டில் எந்த நேரத்தில், எவ்வளவு கொடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை அருகிலுள்ள அரசு கிளினிக்கில் உண்டா, தன்னார்வ அமைப்பு எதுவும் அந்தத் தொலைவுக்கு வருமா என்றும் அப்போதே விசாரிக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து வலி தாங்காமல் அவசரப் பிரிவுக்குத் திரும்பி வரும்போது, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.